ஓவர்ஹால் முடிந்து வந்த வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், என் மனசுதான் காலையிலிருந்து மக்கர் பண்ணுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்பது போனில் உன் குரலிலேயே தெரிந்தது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சிரிக்காதே.

போன தடவை, ஓவர்ஹால்னா சர்வீஸ்தானேம்மா என்று கேட்டாய், பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. சர்வீஸ் என்றால் ஆயில் மாற்றித் துடைப்பது, ரிப்பேர் என்றால் கெட்டதை மட்டும் சரிபண்ணுவது. ஓவர்ஹால் என்றால், நன்றாக இருப்பதையும் சேர்த்து இன்ஜினை மொத்தமாக இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி மாட்டுவது. இப்போது ஆளாளுக்கு இந்த வார்த்தைதான், பக்கத்துத் தையல்காரர் பல்லை ஓவர்ஹால் பண்ணினேன் என்கிறார், உன் தம்பி போர்டை மாற்றிவிட்டு, கடையை ஓவர்ஹால் பண்ணிட்டேன் என்கிறான். அது பெயிண்ட் வேலைடா என்றேன், முறைத்தான். நம் டைல்ஸ் கடை லோடு வண்டிக்கு நிஜமாகவே ஓவர்ஹால், புகை கக்கி மேட்டில் நின்றுவிட்டது. வியாபாரி சும்மா விடுவேனா, பாதி ஓவர்ஹால் பண்ணி பாதி ரேட் போடு என்று மெக்கானிக்கிடம் பேரம் பேசினேன். ஏங்க்கா, பாதி டைல்ஸ் ஒட்டின பாத்ரூமை யார் தலையிலயாவது கட்டுவீங்களா என்று அவன் கேட்க, பட்டறையே சிரித்தது.

வண்டி வந்த பிறகுதான் தலைவலி. புதுப் பாகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும், கொஞ்ச நாளைக்குப் பாதி லோடு, மெது ஓட்டம், இல்லைன்னா செஞ்சதெல்லாம் வீண் என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினான். நம்மிடம் டைல்ஸ் வாங்கும் காண்ட்ராக்டரோ, இன்னிக்குச் சரக்கு முழுசா வரலைன்னா எதிர்க்கடைதான் என்று நிற்கிறார். ஒரே லோடா ஏத்திடலாம்மா என்றான் உன் தம்பி. கூடாது என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். இந்தக் கடையில எனக்கு ஒரு சாவிக்குக்கூட உரிமை இல்ல, அக்காகிட்டயே போயிடுறேன், நீயே ஓட்டிக்கோ என்று கத்திவிட்டான். விசா பற்றி அவன் உன்னிடம் விசாரிப்பது எனக்குத் தெரியும், நீ மறைத்ததும் தெரியும், அதற்குத் திட்டவில்லை. இன்ஜின் போனால் இன்னொன்று வாங்கலாம், அவன் போய்விட்டால் இந்தக் கடையை யாருக்காக நடத்துவது? சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்து, உன் வண்டி, உன் முடிவு என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். பெட்டி ஏற்றுகிற சத்தம் கேட்டது, எட்டிப் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது. அப்போதிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான்.

பொறுக்க முடியாமல் இப்போதுதான் குடோனுக்குப் போனேன். பாதிப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. லோடு ஏற்றுபவர் தலையைச் சொறிந்துகொண்டு, ரெண்டு ட்ரிப்பா எடுத்துக்கறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணேன்னு சின்னவர் சொல்லிட்டுப் போனாரும்மா என்றார்.

அவன் விசா பற்றிக் கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல், நான் எழுதியதைப் பற்றி மூச்சுவிடாதே. மாப்பிள்ளையும் நீயும் குறையில்லாமல் நீடூழி இருங்கள். மாத்திரையை மறக்காதே. வண்டிச் சத்தம் கேட்கிறது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போகவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா