வெளிநாட்டு நம்பரை எடுக்காதே

டிசம்பர் 13, சனி. காரைக்குடி

காலையிலேயே ஒரு சண்டை. வழக்கம்போல நான்தான் ஆரம்பித்தேன். யாரோ தெரியாத நம்பரிலிருந்து வந்த போனை எடுத்து என் வீட்டுக்காரி உமையாள் "யாருங்க? யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடுங்கி அணைத்தேன். வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்கவே கூடாது. போலீஸ் என்பான், கூரியர் என்பான். இப்போது நம் குரலையே செய்து பேசுகிறான், நம் முகத்தையே செய்து காட்டுகிறான். "நானே பேசுறேன்னாலும் நம்பாத" என்றேன்.

"சரிங்க. நீகளே பேசுனாலும் நம்பல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இந்த வீட்டில் என் சொல் எடுபடுவது அபூர்வம். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

பெத்தாச்சி வந்திருந்தான். கண்டரமாணிக்கத்துக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். வியட்நாமில் எங்கள் பாட்டன்மார் தொழில் செய்த சைகோனை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்து வர டிக்கெட் கையில் வந்துவிட்டது. அந்த ஊருக்குப் புதுப் பெயர் வைத்து எத்தனையோ காலமாகியும் எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் சைகோன்தான். பெத்தாச்சி தன் பட்டன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரப்போகிறானாம். "ரெண்டு பேருக்கு எதுக்குடா ரெண்டு போன்? ஒண்ணு பத்தாதா?" என்கிறான். அவன் சிக்கனம் ஊரறிந்தது.

டிசம்பர் 17, புதன்

டிக்கெட் போடும்போது நாங்கள் இருவரும் காலண்டரைப் பார்க்கவில்லை. பிள்ளையார் நோன்பு இருபத்தைந்தாம் தேதி வருகிறது! அன்றைக்கு நான் சைகோனில்.

உமையாள் முகம் சுருங்கியது. நகரத்தார் வீடுகளில் தீபாவளிக்கு வராதவன்கூட நோன்புக்கு வந்துவிடுவான். புது வேட்டி நூலில் திரித்த இழையை வெல்ல மாவில் செருகி ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இதுதான் இழை எடுப்பது. மகன் விஷ்வாவும் மருமகள் நிவேதாவும் ஜெர்மனிக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் இது போனில்தான் நடக்கிறது. இங்கிருந்து நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அங்கே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நிவேதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் சரி மாமா, நோன்பன்னிக்கு லைனுக்கு வந்துருங்க. நீங்க கூப்பிடாம நாங்க எடுக்க மாட்டோம்" என்றாள். அதிகம் பேசாத பெண். வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 20, சனி

பிள்ளையார்பட்டி போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். பெட்டி கட்டியாயிற்று. இழை மாவும் நூலும் தனிப் பொட்டலமாக உமையாள் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 22, திங்கள். சைகோன்

வந்து இறங்கியதும் புது சிம் போட்டேன். கடைப் பெண் சிரித்துக்கொண்டே என் பழைய சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். நகத்தளவு சமாச்சாரம், சட்டைப் பையில் போட்டால் தொலைந்துவிடும். தினமும் தவறாமல் கை போகிற இடம் திருநீற்றுப் பைதான் என்று யோசித்து அதற்குள் போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வாட்ஸ்அப் என்னவோ கேட்டது. சரி என்று அமுக்கினேன். அதற்குப் பிறகும் என்னவோ கேட்டது. அதற்கும் சரி.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று திருநீறு பூசினேன். பைக்குள் விரலை விட்டேன், நெற்றிக்குக் கொண்டுபோனேன், ஏதோ 'டிக்' என்று விழுந்தது. வாஷ்பேசின் ஓட்டை வழியாகப் போயே போய்விட்டது. முருகா!

எல்லா நம்பரும் அந்தச் சிம்மில்தான் இருந்தன. வாட்ஸ்அப்பும் திறக்கவில்லை. பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறதாம், அதைப் போட வேண்டுமாம். பழைய நம்பர் சைகோன் சாக்கடையில் போய்க்கொண்டிருக்கிறதே, அதை யாரிடம் சொல்ல?

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உமையாள் நம்பர் ஒன்றுதான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், கட் பண்ணினாள். 'நான்தான் அழகப்பன், இது என் புது நம்பர்' என்று செய்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை. என்னை பிளாக் பண்ணிவிட்டாள்.

டிசம்பர் 24, புதன்

ஹோட்டல் வரவேற்பறைப் போனிலிருந்து கூப்பிட்டேன். விடாமல் அடித்ததில் ஒருவழியாக எடுத்தாள்.

"யார்றா அது, நேத்துலருந்து போட்டு உயிர வாங்குறவன்?"

"உமையா, நான்தான்."

"எல்லாத் திருட்டுப் பயலும் நான்தான்னுதான் சொல்லுவான். எந்தக் கோயிலு நீ?"

"மாத்தூர் கோயில், உறையூர்ப் பிரிவு." எங்களில் குலத்தைக் கோயில் பேரால்தான் கேட்பார்கள்.

"அது கல்யாணப் பத்திரிகையிலயே போட்டுருக்கு. எங்க வீட்டு இட்லிப் பானையில என்ன எழுத்து வெட்டியிருக்கு? அதச் சொல்லு பாப்போம்."

சீர் சாமான் எல்லாவற்றிலும் எழுத்து வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளைப் பெற்ற அப்பச்சி பேரா? ஆத்தா பேரா? என் பேரா? இத்தனை வருஷமாக இட்லியைத்தான் பார்த்திருக்கிறேன். அது வெந்த பானையை எங்கே பார்த்தேன்?

"போடா" என்று வைத்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாயால் இப்படி ஒன்று கேட்டதில்லை.

பெத்தாச்சி கட்டிலில் உருண்டு உருண்டு சிரிக்கிறான். இவனுக்கு என்ன, சிரிப்பான். எனக்கு வயித்தெரிச்சல். நாளைக்கு நோன்பு. அந்தப் புள்ளைக மாவையும் நூலையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே — நான் வரலைன்னா என்ன நினைக்கும்? சரியாத்தான் சொல்லிக் கொடுத்தேன் எம் பொண்டாட்டிக்கு. எவன் சொல்லச் சொன்னான் அவ்வளவு?

டிசம்பர் 25, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணி. இன்னும் ஒரு வழியும் தோன்றவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று எழுதக் கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

பால்கனியில் மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை வரவேற்பறைக்கு ஓடினேன். "திரும்பவும் நீயா?" என்றாள். இந்தத் தடவை நான் யார் என்று சொல்லப்போகவில்லை. பிசையும்போது மனசில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"வெல்லத்த எம்புட்டுப் போட்ட? இங்க மாவு கையிலயே ஒட்டுது. போன வருஷமும் இப்படித்தான்."

"போன வருஷம் வெல்லம் வாங்கியாந்தது யாரு? ஈரத்தோட இருந்தத வாங்கியாந்துட்டு…"

"கடைக்காரன் கொடுத்தா நான் என்ன பண்ணுறது?"

"தொட்டுப் பாத்து வாங்கணும். வாங்கியாந்துட்டு நெய்தான் கூடிப்போச்சுன்னு எம்மேல பழி போட்டீக, அத நான் மறந்துட்டேன்னு…"

சட்டென்று நிறுத்தினாள்.

"எந்தத் திருடனும் வெல்லத்துக்கு இம்புட்டு நேரம் மல்லுக்கட்ட மாட்டான். நீகதான். எங்க போய்த் தொலைஞ்சீக ரெண்டு நாளா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வரவேற்பறையில் இருந்தவன் என் புது நம்பரிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து கொடுத்தான். உமையாள் பிளாக்கை எடுத்துவிட்டு, விஷ்வாவையும் சேர்த்து வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பச்சி, ஆத்தா எங்களையும் உங்க போனை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக" என்று அவன் சிரித்தான். நான் பால்கனியில், உமையாள் காரைக்குடியில், அவர்கள் இருவரும் ஜெர்மனியில், அவரவர் கையில் மாவு. பெத்தாச்சிக்கு இழை கொடுத்துவிட்டு நானும் எடுத்துக்கொண்டேன். பிறகு உமையாளைக் கூப்பிட்டேன், எடுத்துக்கொண்டாள். விஷ்வாவைக் கூப்பிட்டேன். அடுத்து நிவேதா.

அவள் எடுக்கவில்லை. "மாமா, எனக்கு ரெண்டு" என்றாள்.

எனக்கு உறைக்கவில்லை. மாவு மிஞ்சிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். உமையாளின் போன் கையைவிட்டுப் போய், திரையில் எங்கள் வீட்டு உத்தரம் மட்டும் தெரிந்தது. அவள் அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் உறைத்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குத்தான் எங்களில் இரண்டு இழை, ஒன்று அவளுக்கு, ஒன்று உள்ளே இருப்பதற்கு. கல்யாணமாகி ஏழு வருஷம். நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

பெத்தாச்சி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கூப்பிடுடா, சுடர் அணையப் போகுது" என்றான்.

"நிவேதா, எடுத்துக்கம்மா" என்றேன். எடுத்துக்கொண்டாள். அடுத்த இழையை ஏற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேர் வைக்காத ஆளை என்னவென்று கூப்பிடுவது?

"நீங்களும் வாங்க, வந்து எடுத்துக்குங்க" என்றேன்.

அதையும் வாயில் போட்டுக்கொண்டாள்.