உங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரம்

ஜூலை 7, திங்கள்

காலை முழுவதும் ஒருங்கிணைப்புக் கூட்டம். இணையத்திலும் கைபேசியிலும் துன்புறுத்தப்படும் பெண்களுக்காகக் காவல்துறை, வக்கீல், மனநல ஆலோசகர், விடுதிக்காரர் ஆகிய நால்வரையும் சேர்த்துவைப்பது என் வேலை. நால்வரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவரைக் குறை சொன்னார்கள். இவ்வளவு ஒற்றுமையான கூட்டத்தை இந்த வருடம் நான் பார்க்கவில்லை.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் அறங்காவலர் பத்ரிநாராயணன் புதிய மென்பொருளைத் தொடங்கிவைத்தார். மயிலாப்பூர்க்காரர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு மட்டும் இன்னும் அவரைப் பெறவில்லை. "இனிமே பேப்பரே கிடையாது ஹம்சா. பேரும் நம்பரும் போட்டாப் போறும். மீதியெல்லாம் அதுவே பாத்துண்டுடும்."

மீதி என்றால் எது என்று நான் கேட்கவில்லை. கீழே மெஸ்ஸில் சாம்பார் கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஆழ்வார்பேட்டையில் இந்த வாடகைக்கு மெஸ் மாடிதான் கிடைக்கும். பகலில் எங்களிடம் வரும் துயரம் எல்லாமே பெருங்காய வாசனையோடுதான் வருகிறது.

ஜூலை 8, செவ்வாய்

கயல் வந்தாள். எஸ்.ஐ. சீதா அனுப்பிய பெண். தி.நகரில் புடவைக் கடையில் வேலை. கணவன் செம்பியன் சிந்தாதிரிப்பேட்டையில் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறான். மார்ச்சில் அவனை விட்டு வந்து மேற்கு மாம்பலத்தில் ஒரு விடுதியில் இருக்கிறாள்.

அவனிடம் அவளுடைய சில படங்கள் இருக்கின்றன. கல்யாணமான புதிதில் அவன் எடுத்தவை. திரும்பி வராவிட்டால் கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன் என்கிறான். மாதிரிக்கு ஒன்றைக் கடையில் அவள் மாடியின் சூப்பர்வைசருக்கு அனுப்பினான். சூப்பர்வைசர் நல்ல மனிதர், பார்த்த உடனே அழித்துவிட்டார். சாட்சியமும் அதோடு போயிற்று.

"நான் எங்க போனாலும் அவருக்குத் தெரிஞ்சிடுது மேடம். போன்ல இன்னாவோ வெச்சிக்கீறாரு."

"அந்த போன் எங்கே?"

"கூவத்துல போட்டுட்டேன்."

இப்போது பட்டன் போன், புது சிம். ஆனாலும் தெரிகிறது. பெரும்பாக்கத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கு அவன் போன் செய்து, மகள் என்ன வாங்கினாள், எங்கே போனாள் என்று நலம் விசாரிக்கிறான்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்த போட்டோ அவரு கையில இருக்கக் கூடாது. நான் எங்க கீறேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான்."

இவ்வளவு தெளிவான கோரிக்கையை எந்த நன்கொடையாளரும் எங்களுக்கு எழுதியதில்லை. புகார் பதிவாகி இருக்கிறது. ஆனால் போலீஸ் போகும்போதெல்லாம் அவன் வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. மென்பொருளில் அவள் பெயரையும் எண்ணையும் கேட்டுப் பதிந்தேன். வியாழக்கிழமைகளில் வரச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

பத்ரி சார் இணையப் பாதுகாப்பு நிபுணரை அழைத்து வந்தார். நிரஞ்சன், அவருடைய மருமான். வெளிநாட்டு மாநாடுகளில் பேசுகிறவர். உளவு மென்பொருள்களின் வகைகளைப் பற்றி, கயலை எதிரே உட்காரவைத்து, படங்களுடன் விளக்கினார். கயல் இரண்டு முறை கொட்டாவியை விழுங்கினாள். நான் ஒரு முறை.

பிறகு அவளுடைய போனைக் கேட்டார். தந்தாள். அந்தப் பட்டன் போனை இருபுறமும் திருப்பிப் பார்த்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துத் திரும்பப் போட்டார்.

"கடினமான பாஸ்வேர்டாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகும்போது கயல் சொன்னாள், மெஸ் எதிரே பஸ் நிறுத்தத்தில் அவனைப் போல ஒருத்தனைப் பார்த்தாளாம். பயத்தில் எல்லோரும் அவனைப் போலத்தான் தெரிவார்கள் என்று ஆறுதல் சொன்னேன். பயிற்சிப் பட்டறையில் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

ஜூலை 14, திங்கள்

சனிக்கிழமை கயல் பல் டாக்டரிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் அவன் கேட்டிருக்கிறான்: "பல் வலி தேவலையா அத்தே?"

ஜூலை 15, செவ்வாய்

கயலின் அம்மா தேவானைதான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு யார்? தேவானை அம்மாளுக்கு போன் செய்து, மிகவும் நாகரிகமாக, நாகரிகம் குறையும் அளவுக்கு நாகரிகமாகக் கேட்டேன்.

"இன்னா மேடம் சொல்ற? பெத்த பொண்ண நானே காட்டிக் குடுப்பனா? பல்லு வலின்னு அவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். அது எங்க தங்கிக்கீதுன்னுகூட எங்கிட்ட சொல்லல. நல்லா கண்டுபுடிக்கிற நீ!"

வைத்துவிட்டார். சரியாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்கத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அதுவும் சரிதான்.

ஜூலை 18, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும். நிதானமாக இல்லை.

மாலையில் கயலை மாம்பலத்தில் சந்தித்தேன். இருமல் மருந்து வாங்க வேண்டும் என்றாள், கூடப் போனேன். மருந்துக் கடையில் பில் போடுகிற பெண் தலை நிமிராமல் "நம்பர்?" என்றாள். கயல் பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னாள். பில் வந்தது.

வெளியே வந்ததும், என்னவோ உறுத்தியது. "அது உன் நம்பரா?"

"இல்ல மேடம், அவரு நம்பரு."

"ஏம்மா?"

"என் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆவல. கல்யாணம் ஆனதுலேந்து யாரு நம்பர் கேட்டாலும் அதத்தானே சொல்லிக்கினு இருந்தேன். வாயில அதுதான் வருது. கடக்காரங்க சும்மா பில்லுக்குத்தானே கேக்கறாங்க?"

பில்லுக்குத்தான். பில் போட்ட அடுத்த நொடி கடை அவனுக்கு எழுதுகிறது: மேற்கு மாம்பலம் கிளையில் மருந்து வாங்கியதற்கு நன்றி. பல் ஆஸ்பத்திரி எழுதுகிறது: சனிக்கிழமை வாருங்கள். கல்யாணத்தின்போது தொடங்கிய வங்கிக் கணக்கும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அவள் பணம் எடுக்கும் ஒவ்வொரு ஏ.டி.எம்.மும் இடத்தைச் சொல்லி அவனுக்கு எழுதுகிறது. உளவாளி யாரும் இல்லை. இந்த நகரமே அவனுக்கு மரியாதையாகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது.

"ஹாஸ்டல்ல என்ன நம்பர் கொடுத்தே?"

மருந்துப் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். அந்தத் தெருவிலேயே நின்று விடுதிக்கு போன் செய்தேன். அவர்கள் அவளை எண் எதுவும் கேட்கவே இல்லையாம். இந்த ஊரில் தன் கடமையைச் செய்யாத ஒரே நிறுவனம். வாழ்க.

ஜூலை 19, சனி

தூங்கவில்லை என்பதால் அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்து மென்பொருளைத் திறந்தேன். கயல் — எண் — பத்து இலக்கம். அவள் வாயில் வந்தது, என் விரலில் ஏறியது. பட்டன் போன் எண்ணை சீதா ஏற்கெனவே தந்திருந்தார். இரண்டையும் ஒப்பிட எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்பியனுக்கு நாங்கள் அனுப்பியது:

"வணக்கம் கயல்! துணிந்து முன்வந்ததற்கு நன்றி. உங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரம். அடுத்த சந்திப்பு: வியாழன் காலை, ஆழ்வார்பேட்டை அலுவலகம்."

வாரம் தவறாமல், முந்தின நாளே நினைவூட்டலும் போயிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் அவள் பார்த்தது அவனைப் போல ஒருத்தன் அல்ல.

பத்ரி சாரிடம் சொன்னேன். மெசேஜை இரண்டு முறை படித்தார். பிறகு, "மெசேஜ்ல எழுத்துப் பிழை எதுவும் இல்லையே?" என்றார். அவர் அதிர்ச்சியில் இருந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

சீதா, கயல், நான். அவள் எண்ணை உடனே மாற்றிவிடப் போனேன். கயல்தான் தடுத்தாள்.

"இருங்க மேடம். மெசேஜ் போவட்டும்."

"அவன் வருவானா?"

"போலீஸ் கூப்ட்டா ஓடுவாரு. மரியாதயா கூப்ட்டா சட்டய அயர்ன் பண்ணிக்கினு வருவாரு. எனக்குத் தெரியும்."

சீதா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "நீ எக்ஸாம் எழுதி எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வந்துடேன்."

"எனக்கு இதுக்கு மேல ஆம்பளைங்கள தேட முடியாது மேடம்."

நினைவூட்டலின் வாசகத்தை மட்டும் நான் மாற்றினேன். "திரு. செம்பியன் அவர்களுக்கு, தங்கள் தரப்பையும் கேட்க விரும்புகிறோம். தாங்கள் நேரில் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்." கல்யாணப் பத்திரிகை நடை. அவன் வராமல் படங்களைப் போட்டுவிட்டால்?

கயலிடம் அதையும் கேட்டேன். "போடறதுன்னா எப்பவோ போட்டிருப்பாரு. போட்டுட்டா அப்பறம் இன்னாத்த வெச்சி மெரட்டுவாரு?" என்றாள். குரல் மட்டும் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஜூலை 23, புதன்

மெசேஜ் போய்விட்டது. இரவு சாப்பிடவில்லை.

ஜூலை 24, வியாழன்

வந்தான். நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல்.

இன்று அலுவலகப் பக்கம் வர வேண்டாம் என்று பத்ரி சாரிடம் சொல்லியிருந்தேன். அதனால் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். யார் என்று தெரியாமலே அவனை வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. காபி சாப்பிடறேளா?" மெஸ்ஸில் இருந்து காபி வந்தது. எங்களிடம் வந்த எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு சீக்கிரம் காபி வந்ததில்லை.

செம்பியன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "நான் பிரச்சன பண்ண வரல. நீங்கதான் கூப்ட்டீங்க. பொம்பளைங்க பேச்ச மட்டும் கேட்டா எப்பிடி? அதான் வந்தேன்."

மூலையில் பருத்திப் புடவையில் இருந்த சீதா கேட்டார்: "நாங்களா கூப்பிட்டோம்? அப்படி ஒண்ணும் இங்க தெரியலயே."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தோ பாருங்க. மொத மெசேஜுலேந்து எல்லாம் கீது. படிச்சிப் பாருங்க." லாக்கைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தான்.

சீதா படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு போனைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார்.

"மேடம், என் போனு."

"தரேன் தரேன். கோர்ட்ல."

அப்போதுதான் அவன் காலைக் கீழே இறக்கினான். மாடிப்படியில் இரண்டு காவலர்கள் நின்றிருந்தார்கள். மெஸ்ஸில் டிபன் முடித்திருந்ததால் நிதானமாகவே ஏறி வந்தார்கள். பறிமுதல் மகஜரில் பத்ரி சார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "காபியெல்லாம் குடுத்துட்டேனே ஹம்சா" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படங்கள் போனிலேயேதான் இருந்தன. வேறு எங்கும் போனதாகத் தெரியவில்லை என்று சாயங்காலம் சீதா சொன்னார். கயலிடம் போனில் சொன்னேன். "சரி மேடம்" என்றாள். அழுதாளா, தெரியவில்லை. நான் போனை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கயலோடு வங்கிக்குப் போனேன், எண்ணை மாற்ற. பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அந்த எண் சீல் வைக்கப்பட்டு ஆய்வகத்தில் இருக்கிறது என்றேன். "அப்ப சாரை நேர்ல கூட்டிட்டு வாங்க." சார் புழலில் இருக்கிறார் என்றேன். அதிகாரி அந்தக் கிளையை அறியாதவர் போலத் தலையாட்டினார்.

பத்ரி சாருக்கு போன் போட்டேன். நேரில் வந்து, தன் பழைய பதவியின் முழுப் பெயரையும் சொல்லி, அரை மணி நேரம் கத்தினார். எண் மாறியது. அவரை நான் முதல்முறையாக விரும்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

செம்பியனுக்கு ஜாமீன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கயல் கடையில் கேட்டு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். எந்த ஊர் என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. "வேணாம் மேடம்" என்றாள். அவள் சொன்னது நியாயம்.

அக்டோபர் 9, வியாழன்

ஆண்டறிக்கை வேலை. பத்ரி சாருக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம், படத்துடன். "முகம் தெரியாம, முதுகைக் காட்டிண்டு, பீச்சுல நிக்கற மாதிரி." கயலைக் கேட்கலாமே என்றார். அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். "தெரியாதா? நாமதானே ஒருங்கிணைப்பாளர்?" ஆமாம் என்றேன்.

மத்தியானம் தேவானை அம்மாளே போன் செய்தார். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான். "அவரு வந்து கேட்டாரு மேடம். எனக்குத் தெரியாதுப்பான்னேன். சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணேன். பொய்யா இன்னா, பண்றதுக்கு இன்னா கஷ்டம்? மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போய்ட்டாரு."

சாயங்காலம் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு. கயல். பஸ்ஸுக்கு நிற்கிறாளாம், சும்மா பேசத் தோன்றியதாம். பல் சரியாகிவிட்டது. அங்கே பட்டுப் புடவையைவிட சுடிதார்தான் அதிகம் போகிறது. சிரித்தாள். அவள் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்.

போனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் கத்தி முடித்திருப்பார் என்று தோன்றிய பிறகு எடுத்து, "சொல்லும்மா" என்றேன்.