வந்துக்கினே இருக்கேன்

உன் சைக்கிள் ஒரு வாரமாக எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. டயர்ப் பள்ளங்களில் பக்கமலைச் செம்மண் காய்ந்து இறுகி அப்படியே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, துடைக்கலாமே என்று துணியை எடுத்தேன். "வேணாம்மா. அவ எடுத்தாந்த மண்ணு, இருக்கட்டும்" என்றார். கையில் எடுத்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் ஹேண்டில்பாரை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டேன்.

காபியைக் குடித்துக்கொண்டே அவர் கேட்டதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "விழுப்புரம் திண்டிவனம் ரோட்டுல எந்தப் பள்ளம் எங்க கீதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன். இருவது வருசமா பஸ் ஓட்டுறேன். ஆனா ஞாயித்துக்கிழம ஆனா என் பொண்டாட்டி எங்க போனான்னு எனக்குத் தெரியாது. ஒரு தபா என்னைக் கூட்டிக்கினு போம்மா. அவ வண்டியிலயே வர்றேன்."

என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று ரயில்வே ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். நீ போன பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். காட்டுக்குள் என்று டாக்டரிடம் சொன்னாரா? கேட்கப் பயந்து கேட்கவில்லை. உன் மகள் சென்னையிலிருந்து போன் செய்து, "ஆன்ட்டி, அப்பா புடிவாதம் புடிக்கிறாரு. நீங்க கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல" என்றாள். அவள் கவலை மொத்தமும் என் தலைக்கு வந்து சேர்ந்தது. உன்னைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவள் அவரையும் பறிகொடுத்துவிட்டு அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நாம் இதை ஆரம்பித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தினமும் காலையில் விழுப்புரம் பாசஞ்சரில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நீ சொன்னாய்: "வாரத்துல ஒரு நாளாவது மனுச வாசனையே இல்லாத ரோட்டுல போவணும்டி." அடுத்த மாதம் இருவருமே தடித்த டயர் போட்ட சைக்கிள் வாங்கிவிட்டோம். கிராவல் சைக்கிள் என்று நீ பெருமையாகச் சொன்னதும் உன் வீட்டுக்காரர், "கிராவலா? எந்த ஏரில மண்ணு அள்ளப் போற? லாரி வச்சிக்கினு அள்ளுறவனையே தாசில்தாரு புடிக்கிறாரு" என்றார். நம் ஊரில் கிராவல் என்றால் வீட்டுக் கடைக்காலுக்குக் கொட்டும் மண்தானே. அன்றிலிருந்து ஞாயிறு காலையில் அவர் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னிக்கு எத்தினி லோடு?"

செஞ்சிக்கு இந்தப் பக்கம் வரை குட்டி யானை வேனில் சைக்கிள்களை ஏற்றிப் போவோம். ஏரிக்கரை தாண்டி, மல்லாட்டைக் கொல்லைகள் தாண்டி, வனக்காவலரிடம் சொல்லிவிட்டு பக்கமலைக்குள் நுழைந்தால் அதன்பிறகு ஹாரன் சத்தம் கிடையாது. இரண்டு பக்கமும் யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போனது போலப் பாறைகள், நடுவில் சரளைப் பாதை, கீழே பள்ளத்தாக்கில் வெப்பாலை, உசிலை மரங்கள். நீ அங்கே போனால் வாய் ஓயாமல் பாடுவாய். எனக்கு அந்த அமைதியே பயம். பன்றி வருமோ, தேன்கூடு கலையுமோ, டயர் போனால் யாரைக் கூப்பிடுவது? பின்னால் தனியாக மாட்டிக்கொள்ளப் பயந்து நான் எப்போதும் முன்னால் போவேன். முன்னால் போனால் நீ பின்னால் இருக்கிறாயா என்று பயம். அதனால்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் "வர்றியா?" என்று கத்துவேன். நீ "வந்துக்கினே இருக்கேன்" என்பாய்.

நம் ஜில்லாவில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பால்காரர் வந்துக்கினே இருக்கேன் என்றால் மாடு இன்னும் கறக்கவில்லை. கல்யாண வீட்டில் மேளக்காரர் வந்துக்கினே இருக்கேன் என்றால் இப்போதுதான் குளிக்கப் போகிறார். நீ மட்டும் வேறு ஜில்லாவா? ஒருமுறை பதில் வந்தும் ஆள் வராததால் திரும்பி மேலே ஏறி வந்தேன். வளைவில் இருக்கும் தட்டைப் பாறையில் சம்மணம் போட்டுக் களாப்பழம் தின்றுகொண்டிருந்தாய். வாயெல்லாம் ஊதா நிறம்.

"எங்கடி வந்துக்கினு இருக்க? உக்காந்துக்கினு இல்ல இருக்க!"

"மனசு வந்துக்கினு இருக்குது. ஒடம்பு பின்னால வரும். பயந்தாங்கொள்ளி, நீயும் உக்காரு."

கோபத்தோடு உட்கார்ந்தேன். ஒரு பழம் கொடுத்தாய். புளித்தது, ஆனாலும் இன்னொன்று கேட்டேன்.

மழைக்காலத்துக் காய்ச்சல் என்றுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னதால் நான் கூடுதலாகப் பயந்தேன். சனிக்கிழமை போனில், "நாளைக்கு இல்லன்னாலும் அடுத்த ஞாயிறு வந்துருவ இல்ல?" என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய். "வந்துக்கினே இருக்கேன், போ" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அதிலிருந்து அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் இந்த ஊரில் அதைக் கேட்காமல் எப்படி இருப்பது? சிலிண்டர்க்காரர் சொல்கிறார், எலெக்ட்ரீஷியன் சொல்கிறார், என் பிள்ளை தினமும் சாயங்காலம் சொல்கிறான். "எங்க இருக்கன்னு இடத்தைச் சொல்லு, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத" என்று அவனிடம் ஒருநாள் போனிலேயே கத்திவிட்டேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்று காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன். காற்றைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், மாத்திரை எடுத்து வந்தாரா என்று கேட்டேன், மறுபடியும் காற்றைப் பார்த்தேன். "எஃப்.சி. முடிஞ்சுதா? வண்டிய எடுக்கலாமா?" என்றார். மலைக்குள் நுழைந்ததும் நான் முன்னால், அவர் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் பெல் அடித்தார். "யாருக்குண்ணே அடிக்கிறீங்க? எதிர்ல ஒரு ஆடு கூட இல்ல" என்றேன். "வளைவுன்னா ஹாரன் அடிக்கணும்மா. கை தானா போவுது" என்றார். எனக்கு அது வசதியாகிவிட்டது. கூப்பிட வேண்டாம், பெல் கேட்டால் ஆள் இருக்கிறார். காதை முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பள்ளத்தாக்குக்கு இறங்கும் இடத்தில் சரளை உருளும், நினைவிருக்கிறதா, அங்கே இறங்கி நின்றேன். பெல் வரவில்லை.

"அண்ணே! வர்றீங்களா?"

காட்டில் ஏதோ ஒரு பறவை மட்டும் கத்தி நிறுத்தியது. சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஓட ஆரம்பித்தேன். உன் மகளுக்கு என்ன சொல்வது, வண்டி வராத இந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும், மனுச வாசனையே இல்லாத ரோடு வேண்டும் என்று கேட்டாயே, இப்போது யாரடி வருவார்கள் என்று உன்மேல்கூடக் கோபம் வந்தது. மறுபடி கத்தினேன்.

"வந்துக்கினே இருக்கேன்மா!"

அப்படியே நின்றுவிட்டேன். குரல் அவருடையதுதான். ஆனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வரவில்லை என்று அர்த்தம். மூச்சிரைக்க ஏறிப் போனேன். அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தார், சைக்கிளைக் களாப்புதரில் சாய்த்துவிட்டு. கையில் போன். முகம் வியர்த்திருந்தது.

"நெஞ்சு வலிக்குதாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இங்க வந்ததும் பாக்கெட்ல போன் டிங்கு டிங்குன்னு அடிச்சுது. காலையிலேர்ந்து சிக்னலே இல்ல, இங்க மட்டும் கெடைக்குதேன்னு எறங்கினேன்." அவர் பாறையைக் கையால் தடவினார். "அவ ஞாயித்துக்கிழம போன் பண்ணுவா. ரோட்டுல லாரி வரும், ஜல்தி வாடின்னு நான் கத்துவேன். வந்துக்கினே இருக்கேன்னு சொல்லுவா. வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிடும். எனக்கு அது வரைக்கும் பேஜாரு. ரோட்டுலயே நிக்கிறாளோ, எவனாவது இடிச்சிட்டானோன்னு டிப்போவுல குறுக்க நெடுக்க நடப்பேன். இங்க உக்காந்துக்கினுதான் சொல்லியிருக்கா, இல்ல?"

"ஆமாண்ணே" என்றேன். "இங்கதான்."

"ஒரு வண்டி இல்லியேம்மா இங்க" என்றார். "சும்மாவே பயந்துக்கினு இருந்திருக்கேன்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டு பேரைச் சமாளித்திருக்கிறாய், ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு. முன்னால் நான், பின்னால் போனில் அவர், நடுவில் நீ நிம்மதியாகப் பழம் தின்றிருக்கிறாய். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதரில் காய்தான் இருந்தது, இன்னும் பழுக்கவில்லை.

பிறகு இறங்கினோம். நான் முன்னால். சரளையில் சைக்கிள் வழுக்குகிற இடத்தில் மனசு மறுபடி அடித்துக்கொண்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து எழுந்துவிட்டால் பயம் போய்விடும் ஆளா நான்? வளைவு வந்தது. நின்றேன். வாய் தானாகக் கூப்பிட்டது. பெரியவர், அண்ணன் முறை, மரியாதையெல்லாம் மறந்து போய், உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன்.

"வர்றியா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேலே உன் சைக்கிள் பெல் அடித்தது.

"வந்துக்கினே இருக்கோம்மா!"

இருக்கோம் என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டயருக்கடியில் சரளை நெரிகிற சத்தம் வளைவைத் தாண்டி என் பக்கத்துக்கு வரும் வரைக்கும், அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.