பத்து லட்சத்து ஒன்று

ஆரணி, ஞாயிறு இரவு

வந்தவாசியிலிருந்து இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தேவராஜ். மருந்துக் கடை வைத்திருக்கிறார். எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் இருவருக்குமே பேச்சு வரவில்லை.

"கணக்கு டீச்சர்னு சொன்னாங்க. எனக்கும் ஒரு கணக்கு குடுங்களேன்" என்றார் கடைசியில்.

"பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா?" என்று கேட்டேன்.

அவர் யோசிப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் அம்மா கூப்பிட்டுவிட்டார். இப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று மாலை முழுவதும் பேஜாராக இருந்தது.

சாப்பிடும்போது போன் வந்தது. "பகா எண் இல்லீங்க. நூத்தி ஒண்ணால வகுபடுது. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு பகா எண்ணா வரிசையா வகுத்துகினே வந்தேன்."

"போன்ல தேடலியா?"

"தேடிட்டா அப்புறம் உங்களாண்ட என்னா பேசறது?"

ஈவு 9901. அது பகா எண்ணா என்று கேட்டேன்.

"அதுவும் பகா எண்தாங்க. நூறு வரைக்கும் எல்லாத்தாலயும் பாத்துட்டேனே. இதை வகுக்கறது எதுவா இருந்தாலும் அந்தப் பெரிய எண்ணையும் வகுத்திருக்கணும். நூறை நூறால பெருக்கினாலே பத்தாயிரம், இது அதுக்கும் கம்மி. இனிமே பார்க்கவே வேணாம்."

அதை நான் சொல்லித் தரவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

போனை வைத்ததும் அப்பாவிடம் எனக்குச் சம்மதம் என்றேன்.

"அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்லிட்டாங்கப்பா" என்றேன்.