பழி ஸ்டெம் மேல்

மார்ச் 4
இன்றும் கிளப்பில் மானம் போனது. நான் எறிகிற டார்ட் அம்பு போகிற வழியெல்லாம் வாலை ஆட்டுகிறது. ஸ்டெம்தான் காரணம். உலோக உடம்பையும் பின்னால் உள்ள இறகையும் இணைக்கிற தண்டு அது; என்னுடையது நைலான், ரொம்ப லேசு. அலுமினியம் போட்டால் சரியாகிவிடும்.

மார்ச் 7
அலுமினியம் மாட்டியாயிற்று. இப்போது வால் கனத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒன்று போர்டையே தொடாமல் சுவரில் போய் மோதியது. ஜோடியாக ஆடும் மச்சான், என் மனைவியின் தம்பி, முதலில் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 9
குட்டை ஸ்டெம். எறியும்போது விரல் இறகில் உரசுகிறது. முன்பெல்லாம் விரல் முன்னால்தானே நிற்கும்? இப்போது ஏன் பின்னால் நழுவுகிறது?

மார்ச் 12
சாப்பாட்டு மேசை முழுக்க ஸ்டெம். சாப்பிடுகிற இடத்தில் கடை விரித்திருக்கிறேன் என்று மனைவி முணுமுணுத்தாள். மரை துவாரத்தில் ஏறவே மாட்டேன் என்றது. குத்திக் குத்திப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, ஒரே திருகில் மாட்டித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மார்ச் 15
என் டார்ட்டை வாங்கி மச்சான் எறிந்தான். மூன்றும் போர்டின் உச்சியில், இருபது எண் கட்டத்தில், ஒட்டிக்கொண்டு.
"ஸ்டெம்ல ஒண்ணும் இல்ல மாமா."
உன் பிடி வேற, என் பிடி வேற என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். எதுக்குக் கத்தினேன்? அவன் என்ன தப்பா சொன்னான்?

மார்ச் 16
கிளப்பில் வெளிச்சம் போதாது. செயலாளரிடம் பேச வேண்டும்.

மார்ச் 18
என் சலூன் கடையில் சவரம். பழைய வாடிக்கையாளர், டாக்சி ஓட்டுகிறவர். நுரை பூசி, காதுக்குக் கீழே கத்தியை வைத்தேன். இழுக்கவே இல்லை, அதற்குள் சிவப்பாக ஒரு கோடு.

அவர் காயத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கு.

கத்தியில எங்கய்யா ஸ்டெம் இருக்கு?

மார்ச் 19
கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க டம்ளர் தூக்கும்போதே கவனிச்சேங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இந்தத் தொழிலை விட்டா எனக்கு என்ன தெரியும்? கழுத்த நீட்டி உக்காந்தவங்க எல்லாம் என் கைய நம்பித்தானே கண்ண மூடினாங்க?

மார்ச் 26
மருத்துவர் ஒரு சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்தது பூரான் மாதிரி இருந்தது. நரம்பு சம்பந்தப்பட்டதாம். மாத்திரை கொஞ்சம் அடக்குமாம், முழுசாகப் போகாதாம்.
சவரக் கத்தியைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். புரிந்தது.

மார்ச் 27
—

ஏப்ரல் 6
கத்தியைக் கடைக் கூட்டாளியிடம் கொடுத்தேன். ஆள் வந்தால் உட்காரவைப்பது, போர்த்துவது, தலை கழுவி விடுவது என் பங்கு. முடி வெட்டும் மெஷின் பிடிப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றான். பிறகு என்றால் எப்போது?

சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். வேறு ஜோடி பார்த்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்காமல் டார்ட் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டான்.

கிளப்பில் வைத்துக் கேட்டான், "எத மாட்டட்டும் மாமா?"

"நீளமானது. என் விரல் இப்பல்லாம் பின்னாடிதான் நிக்குது."

அவனே திருகித் தந்தான். கை ஆடியது; எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எறிந்தேன். போர்டின் அடியில், மூன்றில் குத்தி நின்றது.

மச்சான் கணக்குப் பலகையில் மூன்று என்று எழுதினான். நான் அடுத்ததைக் கையில் எடுத்தேன்.