வெடிப்பு விழுந்த பழைய பிரேக் டிஸ்க்கை மீண்டும் பூட்டச் சொல்லும் உத்தரவு

அனுப்புநர்:
அப்துல் ஸமத் பவாஸ்,
வாகனத் தொழில்நுட்பவியலாளர்,
அலுவிகாரை, மாத்தளை.

பெறுநர்:
மேன்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
வாகனப் பரிசோதனைப் பிரிவு,
மாத்தளை.

பொருள்: எனது காரின் முன் பிரேக்கை ஜூன் 30ஆம் திகதிக்கு முன் பழையபடி மாற்றாவிட்டால் பதிவை இடைநிறுத்துவதாக வந்த உத்தரவுக்கு எதிரான மேன்முறையீடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி காரின் உரிமையாளர் நான். வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, மாத்தளையில் நிஸ்தார் என்பவரின் கராஜில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். கீழே எழுதுவது கேள்விப்பட்டதல்ல. கழற்றி, அளந்து பார்த்தது.

2. இது இரண்டு கதவு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு முன்பிருந்த உரிமையாளர் இதற்கு டர்போ எஞ்சின் போட்டு, முறைப்படி பதிவும் செய்திருக்கிறார். வலு ஏறத்தாழ இரண்டு மடங்கு. முன் பிரேக் மட்டும் பழைய அளவுதான். அது போதுமா என்று அன்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. வாங்கிய பின் நானும் ரயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். பிரேக்குக்குத் தேய்ந்த டிஸ்க்கைக் கழற்றி அதே அளவில் புதிது போட்டதோடு விட்டுவிட்டேன். படித்தவன் செய்யக் கூடாத பிழை.

3. கடந்த ஜனவரியில், அந்த டிஸ்க் போட்டு ஆறு மாதத்தில், தங்கை அஸ்ராவுடன் ரிவஸ்டன் மலையிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கினேன். ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் சூடேறிவிட்டது. பெடலை எவ்வளவு மிதித்தும் வேகம் குறையவில்லை. "நானா, நிப்பாட்டுங்க" என்று அண்ணனான என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். "புடிக்குதில்ல" என்றேன். கியரைக் குறைத்து, மண்மேட்டில் உரசி, வீதியோர வடிகானுக்குள் விட்டுத்தான் நிறுத்த முடிந்தது. அவளுடைய தோள் எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் பஸ்ஸில் இறக்கம் இறங்கும்போதும் முன் சீட்டுக் கம்பியை விடமாட்டாள்.

4. கழற்றிப் பார்த்தபோது இரண்டு டிஸ்க்கிலும் சூட்டினால் வெடிப்பு. மறுபடி அதே அளவில் போட்டால் மறுபடி இதேதான். ஆகவே அதே கம்பனி இதைவிட வலுவான மொடலுக்குப் போடும் பெரிய டிஸ்க்கையும், அதன் மேல் பிரேக் பேட்டை அழுத்தும் நான்கு பிஸ்டன் கலிப்பரையும் பூட்டினேன். பின் பிரேக்குடன் சமநிலை கெடாதிருக்க பெடலின் அழுத்தத்தை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். முன் அனுமதி எடுக்கவில்லை. அது என் குற்றம்.

5. புதிய பேட் டிஸ்க்கோடு படிய, அறுபது கிலோமீற்றர் வேகத்தை இருபதுக்குப் பத்துத் தடவை குறைக்க வேண்டும். இடையில் முழுதாக நிறுத்தினால் சூடான பேட் டிஸ்க்கில் ஓரிடத்தில் அப்பிவிடும். ஏப்ரல் 6 காலை நாலந்தாவுக்கு அப்பால் இதைச் செய்துகொண்டிருந்தபோது யாரோ பொலிஸுக்கு அறிவித்திருக்கிறார்கள். ஒன்பதாவது தடவையில் பொலிஸார் கை காட்டினார்கள். நான் கண்ணாடியை இறக்கி, "சேர், பிரேக் ஆறட்டும், வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கிலோமீற்றர் மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். அவர்கள் நம்பவில்லை, குறை சொல்லவும் முடியாது. கை காட்டியும் நிற்காத குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டேன். கார் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது.

6. மே 20ஆம் திகதி பரிசோதகர் திரு. ஜெயரட்ணம் அவர்கள் காரைப் பார்த்தார். பிரேக் சோதிக்கும் இயந்திரம் அன்று பழுது. ஓட்டியும் பார்க்கவில்லை. சில்லின் இடைவெளியால் சிவப்புக் கலிப்பரைக் கண்டதும், "தம்பி, உது ரேஸ் ஓடுற சாமான். பழசைப் பூட்டிக்கொண்டு வாரும்" என்றார். சமநிலையைப் பற்றிக் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. அளவுகளைக் கையில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வெடித்த டிஸ்க்கைக் காட்டினேன். "பூட்டிக் காட்டிப்போட்டு, வீட்டை போய் என்னவும் செய்யும். எல்லாரும் அப்பிடித்தானே" என்றார்.

7. அவர் சொன்னது உண்மை. பரிசோதனைக்கு முதல் நாள் கம்பனிச் சாமானை இரவல் வாங்கிப் பூட்டுவார்கள். சான்றிதழ் கிடைத்ததும் கழற்றிவிடுவார்கள். நானே பலருக்குப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். நிஸ்தார் நானாவும், "அரை மணித்தியால வேலடா, அடம் புடிக்காத" என்கிறார். அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் இந்த அளவில் கையில் இருப்பது அந்த வெடித்த டிஸ்க்தான்; அதோடு அலுவிகாரையிலிருந்து டவுனுக்குள் வர வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரமாகவும் இருக்கலாம். வந்து சேர்ந்தால் அது பாதுகாப்பானது என்று அரசாங்க முத்திரை கிடைக்கும். இப்போது பூட்டியிருக்கும் பெரிய பிரேக் களவாகிவிடும்.

8. ஆகவே இயந்திரம் திருத்தப்பட்ட பிறகு, அல்லது வேறு மாவட்டத்துக்கு அனுப்பியாவது, இந்தப் பிரேக்கை அளந்து சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேறினால் உள்ளதை உள்ளபடி வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதியுங்கள். தோற்றால் இலக்கத் தகட்டை நானே கழற்றித் தருகிறேன், வாதாட மாட்டேன். அனுமதி எடுக்காததற்கான தண்டனையை எந்த முடிவிலும் ஏற்கிறேன். அதுவரை 30ஆம் திகதிக் கெடுவை நிறுத்தி வைக்க வேண்டும்.

பழையதைத்தான் பூட்ட வேண்டும் என்பது தங்கள் முடிவானால், "வெடிப்பு இருப்பதைப் பார்த்தேன், பூட்டலாம்" என்று எழுதி, ஒப்பமிட்டு அனுப்புங்கள். அந்தக் கடிதம் வரும்வரை இந்தக் கையால் அதைப் பூட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) அ. ஸ. பவாஸ்

இடம்: அலுவிகாரை
திகதி: 2025.06.16

இணைப்பு: டிஸ்க்குகளின் படங்கள் நான்கு, அளவுத் தாள் ஒன்று.