தங்கச்சி ஊரு மணல்

ஐப்பசி 14, வெள்ளி.

வலை காயப்போடுற மணல்மேடு, அலை அடியில குடைஞ்சதுல இன்னிக்கு மொத்தமா சரிஞ்சி விழுந்துடுச்சி. இனிமே போட்டை ஏத்தி வைக்க இடம் இல்ல.

தெக்கால குப்பத்துல அலையைத் தடுக்க கடலுக்குள்ள கல்லு கொட்டினதுல இருந்து இப்படித்தான். மணலு அங்கயே தங்கிடுது, இங்க வர்றதில்ல. அந்தக் கல்லு கேட்டு ஈசிஆர்ல மறியல் பண்ணப்ப, தங்கச்சியைக் குடுத்த ஊராச்சேன்னு நாங்களும் போயி ரோட்டுல உக்காந்தோம்.

சாயங்காலம் தங்கச்சி வூட்டுக்காரரு வந்தாரு. சரிஞ்சதைப் பாத்துட்டு, "இன்னா மச்சான், போட்டை நம்ம கரைக்கு எடுத்தாந்துடு. அங்க மணலு எக்கச்சக்கமா கீது"ன்னாரு.

சரின்னேன். டீ குடிச்சிட்டுப் போனாரு.

நாளையில இருந்து எங்க போட்டு எங்க மணல்லதான் நிக்கும், அவுங்க ஊர்ல.